எந்த நாட்டில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்குவது?

கேள்வி: ஐயா, நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 26. எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவில் எட்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை கையில் இருந்தது தொடக்க நிலைக் கிட்டார்தான். இப்போது 85,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஃபெண்டர் நிறுவனம் உருவாக்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வகைதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஃபெண்டரின் குறைந்த விலை வரிசையான ஸ்குவயரில், இந்தோனேசியாவில் செய்த கிளாசிக் வைப் புதிதாக 48,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மதுரையில் ஒருவர் மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் பிளேயர் ஸ்ட்ராட்டை, ஐந்தாண்டு பழையது, 58,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். சென்னையில் இன்னொருவர் 1990களில் ஜப்பானில் செய்த ஃபெண்டர் என்று சொல்லி 82,000 ரூபாய் கேட்கிறார். நண்பர்களோ, அமெரிக்காவில் செய்ததுதான் உண்மையான ஃபெண்டர், இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்து அதையே வாங்கு என்கிறார்கள். நாடு மாறினால் உண்மையில் என்ன மாறுகிறது? நான் எதை வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாம். முதலில் மதுரைக்குப் போய் அந்த மெக்சிகோ கிட்டாரைப் பாருங்கள். நான் கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் அதையே வாங்குங்கள். தேறாவிட்டால் இந்தோனேசியக் கிட்டாரைப் புதிதாக வாங்கி, நல்ல கைவேலைக்காரரிடம் கொடுத்து, தந்தியின் உயரம், சுருதி எல்லாவற்றையும் சீராக்கும் ஒரு முழு செட்டப் செய்துகொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் ஜப்பான் கிட்டாரை, அதன் வரலாறு தெளிவாகத் தெரியாதவரை, விட்டுவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். என் மேசைக்கு வந்த கருவிகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

நாடு என்ன சொல்கிறது என்பதற்கு ஃபெண்டர் நிறுவனத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நீங்கள் கேட்கும் நான்கு நாடுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் தொழில் நடத்தினார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 1965இல் நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1970களில் வந்த அமெரிக்கக் கிட்டார்களின் தரம் ஒரே சீராக இல்லை என்பது வாசிப்பவர்களிடையே பரவலாக உள்ள கருத்து. அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் பழைய அமெரிக்க மாடல்களை மிகக் கவனமாகப் பார்த்து நகல் செய்தன. அந்தப் போட்டியைச் சமாளிக்க 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டது. மட்சுமோட்டோ நகரத்தின் ஃபுஜிகென் தொழிற்சாலை அதற்காகக் கிட்டார்களைச் செய்தது. 1985இல் நிறுவனத்தின் அலுவலர்கள் சேர்ந்து அதை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கியபோது ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கரோனா என்ற ஊரில் புதிய தொழிற்சாலை எழும்வரை ஃபெண்டர் என்ற பெயரில் கடைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி ஜப்பானில் செய்யப்பட்டவையே. ‘அமெரிக்காதான் ஃபெண்டர்’ என்று உங்கள் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்ததே ஜப்பானியக் கைகளாக இருந்த ஒரு காலமும் உண்டு.

மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலை 1987இல் தொடங்கியது. கரோனாவிலிருந்து அது சுமார் 300 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். இடையில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மணி நேர வேலைக்குக் கொடுக்கும் கூலி வேறு. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒன்றிலேயே இருக்கிறது. உடலை வெட்டுவதும் நெக் எனப்படும் கழுத்தின் வடிவத்தைச் செதுக்குவதும் இன்று எல்லா நாடுகளிலும் பெரும்பாலும் கணினி இயந்திரங்கள் செய்கிற வேலை. அந்த இயந்திரத்துக்கு நாடு தெரியாது. அதற்குப் பிறகு ஒரு மனிதர் அந்தக் கருவியோடு எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கலாம் என்பதை நிறுவனம் கூலியைக் கணக்கிட்டு முடிவு செய்கிறது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் முனைகளை ஒவ்வொன்றாக உருட்டுவது, நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் ஆறு பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் ஓரத்தைக் கைக்கு இதமாக மழுக்குவது ஆகியவை நேரம் கேட்கும் வேலைகள். விலை குறைந்த கிட்டாரில் முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான்.

அடுத்தது பாகங்கள். ஃபெண்டரின் அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் II மாடலில் நட் எலும்பால் ஆனது, தந்திகளை அசைத்துச் சுருதியை வளைக்கும் ட்ரெமலோவின் அடிக்கட்டி எஃகு, ஃபிங்கர்போர்டின் ஓரங்கள் மழுக்கப்பட்டவை. பிளேயர் மாடலில் நட் செயற்கை எலும்பு. குறைந்த விலைக் கிட்டார்களில் ட்ரெமலோக் கட்டி பெரும்பாலும் துத்தநாக வார்ப்பாக இருக்கும். உள்ளே வால்யூம், டோன் கட்டுப்பாடுகளும் அளவில் சிறியவையாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சில ஆயிரம் ரூபாயில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். குறைந்த செலவில் மாற்ற முடியாதது நெக். ஆகவே கிட்டார் வாங்கும்போது நெக்கை வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் என் மேசைக்கு இரண்டு கிட்டார்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் செய்தது, பெட்டியைப் பிரித்து ஒரு மாதம்கூட ஆகாதது. மற்றொன்று இந்தோனேசியாவில் செய்த, அதன் விலையில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாத கருவி. அமெரிக்கக் கிட்டாரின் உரிமையாளர், திறந்த தந்திகள் சுருதியில் நின்றாலும் முதல் மூன்று ஃப்ரெட்டில் பிடிக்கும் கார்டுகள் எல்லாம் சுருதி ஏறி ஒலிக்கின்றன என்று மிகவும் மனம் வருந்தினார். நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தன. தந்தியை முதல் ஃப்ரெட்டுக்கு அழுத்தும்போது அது தேவைக்கு மேல் இழுபட்டுச் சுருதி உயர்ந்தது. அரத்தால் ஒவ்வொரு பள்ளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு அது அருமையான கிட்டார். இந்தோனேசியக் கருவியில் நட் சரியாகவே இருந்தது; ஃப்ரெட் முனைகள் மட்டும் உள்ளங்கையைக் கீறின. அதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆனது. இரண்டையும் முடித்து ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். தந்தியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக மாற்றும் பிக்கப், அமெரிக்கக் கிட்டாரில் தந்த ஒலியில் ஒரு தெளிவு கூடுதலாக இருந்தது. கையில் பிடிப்பதற்கும் அதுவே இதமாக இருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டை நான்கு மடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தோனேசியாவைப் பற்றித் தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது. அங்கே சுரபாயாவில் கோர்டெக் என்ற கொரிய நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. கோர்ட் என்ற தன் சொந்தப் பெயரில் மட்டுமல்லாமல் ஸ்குவயர், ஐபனேஸ், பிஆர்எஸ் எஸ்இ ஆகிய பெயர்களுக்கும் அது கிட்டார் செய்து தருகிறது. ஸ்குவயரின் வரிசை எண் ஐசிஎஸ் (ICS) என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது அங்கே பிறந்தது. ஒரே கூரையின் கீழ் 20,000 ரூபாய்க் கிட்டாரும் 80,000 ரூபாய்க் கிட்டாரும் உருவாகின்றன; இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே நாட்டின் பெயர். ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் எவ்வளவு செலவழிக்கச் சம்மதிக்கிறது என்பதுதான் வேறுபாடு. இங்கே மனதில் இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே நிறுவனம் 2007இல் கொரியாவில் இருந்த தன் தொழிற்சாலைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் போராடி, 2019இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குறைந்த விலைக் கிட்டார் நம் கைக்கு வருவதன் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை, அதைத் தூக்கி எறியும் சொற்களால் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கடைக்காரர்கள் நிச்சயம் பேசுவார்கள். ஃபிங்கர்போர்டுக்குப் பெயர்பெற்ற ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது. அதன் பேரினம் முழுவதையும் 2017 ஜனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததால், ரோஸ்வுட் உள்ள கிட்டாரை விற்பனைக்காக எல்லை கடத்த அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதனால் நிறுவனங்கள் வேறு மரங்களுக்குப் போயின. பிளேயர் மாடலில் தென் அமெரிக்காவின் பாவ் ஃபெர்ரோ வந்தது. கிளாசிக் வைப் மாடல்கள் பலவற்றில் இந்தியன் லாரல் வந்தது. இந்தியன் லாரல் என்பது நம் ஊரில் கட்டடத்துக்குப் பயன்படும் கருமருதுதான். 2019 இறுதியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்குக் கட்டுப்பாடு நீங்கியது. ஆகவே ‘ரோஸ்வுட் இல்லை, ஆகையால் மலிவு’ என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். கருமருது நன்றாக உழைக்கும் மரம். ஆண்டுக்கு இரண்டு முறை துளி எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

இப்போது சென்னையில் இருக்கும் ஜப்பான் கிட்டார். ஜப்பானியக் கைவேலையை நான் மிகவும் மதிக்கிறேன். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் ஒரு காகிதம்கூட நுழையாத கருவிகளை அங்கிருந்து வந்தவற்றில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜப்பானிலும் பல தரங்கள் உண்டு. அந்நாட்டுச் சந்தைக்கு வந்த ஃபெண்டர்களின் மாடல் பெயரில் எஸ்டி62-70 (ST62-70) என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அதில் 62 என்பது எந்த ஆண்டின் வடிவம் என்பதையும், 70 என்பது 70,000 யென் என்ற விலையையும் குறிக்கும். ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் செய்த கிட்டார்களுக்குள்ளேயே மரத்திலும் பிக்கப்பிலும் படிநிலைகள் இருந்தன என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. விற்பவர் ‘ஜப்பான்’ என்று மட்டும் சொல்கிறார். எந்தத் தரம் என்று சொல்லவில்லை. 1990களின் ஜப்பான் ஃபெண்டர்களில் நாட்டின் பெயர் வழக்கமாக நெக்கின் பின்புறம், அது உடலோடு சேரும் இடத்துக்கு அருகில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதும் ஆபத்து. ஒருமுறை ஒருவர் பெரும்விலை கொடுத்து வாங்கிய ‘ஜப்பான்’ கிட்டாரைக் கொண்டுவந்தார். நெக்கைக் கழற்றிப் பார்த்தபோது நெக் ஒரு கருவியினுடையது, உடல் வேறொரு மலிவான கருவியினுடையது என்று தெரிந்தது; திருகுத் துளைகளை அடைத்து மறுபடி துளைத்திருந்தார்கள். அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. நெக்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் மட்டுமே அந்தக் கிட்டாரைப் பற்றி மேலும் பேசுங்கள். அப்படியே எல்லாம் சரியாக இருந்தாலும், முப்பது ஆண்டு பழைய கிட்டாருக்கு ஃப்ரெட் மாற்ற வேண்டியிருக்கலாம்; உங்களிடம் மிஞ்சுவது 3,000 ரூபாய்.

அமெரிக்கக் கிட்டாரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன நுண்ணிய கைவேலை அதில் கூடுதல். பின்னால் விற்கும்போதும் அதற்கு நல்ல விலை கிடைக்கிறது. உண்மையில் நாட்டின் பெயர் ஒலியைவிட மறுவிற்பனை விலையில்தான் அதிகம் பேசுகிறது. பாடல் பதிவுக்கூடங்களில் நாள் முழுவதும் வாசித்துப் பிழைப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்கள் ஞாயிறுதோறும் ஆராதனையில் வாசிக்கிறவர். உங்கள் கையில் நல்ல கருவி இல்லாமல் கழியும் இரண்டு ஆண்டை, அதற்குப் பின் வாங்கும் எந்தக் கிட்டாரும் திருப்பித் தராது.

மதுரைக்குப் போகும்போது ஒரு விசிட்டிங் கார்டும், உங்களுக்குப் பழகிய ட்யூனரும், ஒரு கேபிளும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் கிட்டாரை உடலின் அடிப்பக்கம் கண்ணருகே வருமாறு பிடித்து, நெக்கின் இரண்டு ஓரங்களையும் ஒரு கண்ணால் நோக்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். ஒன்று மேலேறி மற்றது இறங்கினால் நெக் முறுகியிருக்கிறது. வேறெதையும் பார்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து, தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு தந்தியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் ஏறக்குறைய சரி. இடைவெளி கூடுதலாகவோ முற்றிலும் இல்லாமலோ இருந்தால் அதுவே குறை ஆகாது, நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் அந்த ராட் திரும்புகிறதா என்பதை உரிமையாளர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு, கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். இறுகிப்போய் அசைய மறுக்கும் ராட் உள்ள கிட்டாரை என்ன விலைக்கும் வாங்காதீர்கள்.

பிறகு முதல் ஐந்து ஃப்ரெட்களில் தந்தி உரசிய பள்ளங்களைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். நகத்தில் இலேசாகத் தட்டுப்படும் பள்ளம் இயல்பானது. ஃப்ரெட்டின் உயரத்தில் பாதி தேய்ந்திருந்தால் ஃப்ரெட் மாற்றும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நிதானமாக மீட்டி, எங்காவது நாதம் செத்துப் போகிறதா என்று கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். விற்பவர் பொறுமை இழந்தாலும் நீங்கள் இழக்காதீர்கள். கடைசியாக ஆம்பில் இணைத்து, ஐந்து நிலை ஸ்விட்சையும் மூன்று குமிழ்களையும் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் தூசிதான். ஸ்ப்ரே அடித்தால் போய்விடும். ஒரு பிக்கப் முற்றிலும் ஒலிக்காவிட்டால் அது வேறு கதை.

எந்தக் கிட்டார் வாங்கினாலும் உங்கள் ஊர் வெயிலை மறக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காற்று வறண்டு மரம் சுருங்கும். ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காது. அப்போது முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஐப்பசி மழையில் மரம் மீண்டும் உப்பும்போது அது தானே குறைந்தாலும், ஒருமுறை முனைகளை அரத்தால் சீர்செய்து உருட்டிவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைப் பார்த்துவிட்டுக் கிட்டார் மட்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; எந்த நாட்டுக் கருவிக்கும் இது நேரும்.

மதுரைக் கிட்டாரை வாங்கினால் உங்களிடம் 27,000 ரூபாய் மீதி இருக்கும். அதில் செட்டப்புக்கும் புதுத் தந்திக்கும் ஒரு சிறு பகுதியை ஒதுக்குங்கள். நீங்கள் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸரில் செருகி வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஆலயங்களில் அப்படித்தான். அப்படியானால் மீதிப் பணத்தில் ஆம்பின் ஒலியைத் தரும் ஒரு ப்ராசஸர் வாங்குங்கள். நேரடியாகச் செருகிய எலெக்ட்ரிக் கிட்டார், கரோனாவில் செய்ததாக இருந்தாலும், மெலிந்து கூர்மையாகத்தான் ஒலிக்கும். அந்த ஒரு கருவி உங்கள் சபையாரின் காதுக்குக் கொண்டுவரும் மாற்றத்தை எந்த நாட்டின் முத்திரையும் கொண்டுவராது.

ஸ்ட்ராட்டின் ஒற்றைச்சுருள் பிக்கப்கள் மேடை விளக்குகளாலும், அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களாலும் இரையும். நடு பிக்கப் எதிர்ச்சுற்றில் அமைந்த மாடல்களில் ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அந்த இரைச்சல் அடங்கும். முன்பணம் கொடுக்கும் முன், மதுரைக்காரர் சம்மதித்தால், கிட்டாரை ஒரு நாள் உங்கள் ஆலயத்துக்கே கொண்டுவரச் சொல்லி, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு வாசித்துப் பாருங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது கிட்டாரின் இயல்பு. தொட்டபடி மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று மின்சாரம் தைத்தால் குறை பெரும்பாலும் கட்டடத்தின் எர்த் இணைப்பிலோ, ஆம்ப், மிக்ஸர் போன்றவற்றின் எர்த் இணைப்பிலோ இருக்கிறது. கிட்டார் வாசிப்பதை அன்றே நிறுத்தி, மின் பணியாளரை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே மீண்டும் செருகுங்கள்.